இடி மின்னலில் நாயோடு பர்வதமலை ஏறலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருவண்ணாமலை மாவட்டம் கலசபாக்கம் வட்டத்தில் உள்ள பர்வதமலைக்கு இப்போதெல்லாம் பக்தர்களோடு மலையேற்ற ஆர்வலர்களும் பெருமளவில் வருகிறார்கள். அவர்களில் சிலர் வீட்டு நாயையும் உடன் அழைத்து வருகிறார்கள். நாயோடு மலை ஏறுவதை நான் குறை கூறவில்லை. அடிவாரத்து நாய்கள் பக்தர்களுக்கு வழித்துணையாக மேலே வருவது இந்த மலையில் வழக்கமான காட்சி. அவற்றைப் பைரவராகவே எண்ணிக் கும்பிடுபவர்கள் பலர். ஆனால், மேகம் திரண்டு இடி முழங்கத் தொடங்கிய பிறகும் வளர்ப்பு நாயை இழுத்துக்கொண்டு உச்சிக்குப் போவது அந்த வாயில்லா ஜீவனுக்கும் கூட வருபவர்களுக்கும் ஆபத்து என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

மலையின் மேற்பகுதி செங்குத்தான பாறை. கடப்பாறை நெட்டு எனப்படும் இடத்தில், பாறையில் அடித்து நிறுத்திய இரும்புக் கம்பிகளையும் சங்கிலிகளையும் பற்றிக்கொண்டுதான் ஏற வேண்டும். கோடை மழை தூறத் தொடங்கிய ஒரு பிற்பகலில், அந்த ஏற்றத்தில் ஒரு லாப்ரடார் நாய் முன்கால்களை விறைப்பாக ஊன்றி நகர மறுத்து நின்றதைப் பார்த்தேன். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது; உடல் நடுங்க மூச்சு இரைத்தது. உடன் வந்தவர் கழுத்துப்பட்டையைப் பிடித்து அதை மேலே தூக்கி வைத்தார். அவர் இடுப்பிலேயே கயிற்றின் மறுமுனை கட்டப்பட்டிருந்தது. அடுத்த இடிக்கு மிரண்டு அது ஒரு பக்கம் பாய்ந்திருந்தால் இருவருமே பள்ளத்தில் விழுந்திருப்பார்கள். நனைந்த பாறையில் நாயின் நகம் பிடிப்பதில்லை என்பதை அதை வளர்ப்பவர்கள் அறியாதவர்கள் அல்லர்.

மின்னல் நேரே தலையில் விழுந்தால்தான் உயிர் போகும் என்று பலரும் எண்ணுகிறார்கள். பாறையில் இறங்கும் மின்சாரம் ஈரத் தரை வழியாகச் சுற்றிலும் பரவும். சங்கிலியும் கம்பியும் அதைத் தொலைவுக்குக் கடத்தும். மனிதராவது கால்களைச் சேர்த்து வைத்துக் குந்திக்கொள்ளலாம். நாலு கால் பிராணிக்கு அதற்கு வழியில்லை. முன்காலில் ஏறும் மின்சாரம் பின்காலில் இறங்கும்போது நெஞ்சைக் கடந்துதான் போகிறது. இந்நிலையில், ஓய்வெடுக்கும் நேரத்தில் நாயை அந்தச் சங்கிலியிலேயே கட்டி வைப்பது எத்தனை பெரிய கேடு! நான்கு பக்கமும் திறந்த கொட்டகையும் மழைக்கு உதவுமே தவிர மின்னலுக்கு உதவாது.

சித்திரை, வைகாசி மாத இடிமழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும்தான் வருகிறது. ஆகவே, விடியற்காலையில் ஏறி, வெயில் உச்சிக்கு வருமுன் பாறைப் பகுதியைக் கடந்து இறங்கிவிடுவதே முறை. மின்னலைக் கண்டு 30 வினாடிகளுக்குள் இடியோசை கேட்டால் அது ஏறக்குறைய 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். உடனே திரும்ப வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடங்கள் ஆகும் வரை மீண்டும் ஏறக் கூடாது. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 'தாமினி' செயலி, 20 முதல் 40 கிலோமீட்டர் சுற்றளவில் விழும் மின்னலைக் கைப்பேசியில் காட்டி எச்சரிக்கிறது. மலையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம் என்பதால் அதை அடிவாரத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

வனத்துறையும் மாவட்ட நிர்வாகமும் தென்மாதிமங்கலம், கடலாடி ஆகிய இரு வழிகளின் தொடக்கத்திலும் அன்றன்றைய இடி மின்னல் எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். எச்சரிக்கை உள்ள நாளில் வளர்ப்பு நாய்களை அடிவாரத்தோடு நிறுத்த வேண்டும். மழை நாளில் மேலே ஏறுவோர் பிஸ்கட்டைக் காட்டி ஊர் நாய்களையும் பின்னால் அழைத்துப் போக வேண்டாம் என்று அங்குள்ள கடைக்காரர்களும் எடுத்துச் சொன்னால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
போளூர்.