சத்தம் கேட்காத தலைகளுக்கும் நன்றி

பெங்களூர் அல்சூரில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நடந்த டிசிடி பயிற்சிக்குத் தலை கொடுத்த அம்மாக்களுக்கும் ஐயாக்களுக்கும், துணை நின்ற அக்கம்பக்கத்தாருக்கும் வணக்கம்.

மண்டையைத் திறக்காமலே மூளை ரத்தக்குழாய்களில் ரத்தம் ஓடும் வேகத்தை, அதில் பட்டுத் திரும்பும் ஒலி அலையின் மாற்றத்தை வைத்து அளக்கும் டாப்ளர் சோதனைதான் டிசிடி. 1982-இல் ரூனே ஆஸ்லிட் 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் அலையை வைத்து இதைச் செய்து காட்டினார். அதற்கு மேற்பட்ட அதிர்வெண்ணை எலும்பு பெருமளவு விழுங்கிவிடும். 2 மெகாஹெர்ட்ஸ்கூட எலும்பு மெலிந்த இடத்தில்தான் நுழையும். கண்ணின் வெளிமுனைக்கும் காதுக்கும் நடுவே, கன்ன எலும்புக்குச் சற்று மேலே உள்ள பொட்டுதான் அந்த இடம். ஜன்னல் என்போம்.

முதல் நன்றி, ஜன்னல் கிடைக்காத அம்மாக்களுக்கு. வயதான பெண்கள் பலருக்குப் பொட்டெலும்பு தடித்திருக்கும், அலை உள்ளே போகாது. நெடுநேரம் படுத்திருந்துவிட்டு, "என்னால ஒண்ணும் பிரயோஜனமில்லையாப்பா?" என்று ஒரு அம்மா கேட்டார். அம்மா, பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அதிகம் கற்றது உங்களிடம்தான். எலும்பு தடித்திருந்தாலும் திரை கறுப்பு, குழாய் அடைத்திருந்தாலும் திரை கறுப்பு. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவர் ரிப்போர்ட் எழுதக் கூடாது.

உங்கள் தலையில் அவர்கள் பழகிய வரிசை இது. பவரை முழுதாக வைத்து, சாம்பிள் வால்யூமை, அதாவது ஒரே நேரத்தில் கேட்கும் பகுதியின் நீளத்தை, 10–12 மில்லிமீட்டராக அகட்டி, ஆழம் 55 மில்லிமீட்டரில் தேடலைத் தொடங்க வேண்டும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு முடியைப் பிரித்து அழுத்த வேண்டும், முடிக்கு நடுவே காற்று நின்றால் எலும்பு வரைகூட அலை எட்டாது. தலையில் வைத்து அலையை அனுப்பும் கருவியான புரோபை இம்மி இம்மியாகச் சாய்த்து முன்ஜன்னல், நடுஜன்னல், பின்ஜன்னல் மூன்றையும் பார்த்த பிறகே கையை எடுக்கலாம். ஒரே ஜன்னலில் முன்மூளைத் தமனியும் பின்மூளைத் தமனியும் கேட்டு நடுமூளைத் தமனி மட்டும் கேட்காவிட்டால், அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். எதுவுமே கேட்காவிட்டால் "ஜன்னல் இல்லை" என்று மட்டும் எழுத வேண்டும்.

நல்ல ஜன்னல் உள்ள ஐயாக்களிடம் வேறொரு தவறு பிடிபட்டது. பின்மூளைத் தமனியைப் பிடித்துவிட்டு நடுமூளைத் தமனி என்று எழுதினார்கள் சிலர். இரண்டும் புரோபை நோக்கி ஓடுபவைதான். ஆழத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால், நடுமூளைத் தமனி 45 மில்லிமீட்டர் வரை கூடவே வரும். பின்மூளைத் தமனி 55-ஐவிட ஆழம் குறைந்தால் கேட்காமல் நின்றுவிடும். ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போனால் 60–65 வாக்கில் திரையின் பூஜ்யக் கோட்டுக்கு மேலும் கீழும் ஒருசேர ஓட்டம் தெரியும். தமனி பிரியும் அந்த இடம் கைக்கு வந்துவிட்டால் மற்றவை தானே வரும்.

அடுத்து, பக்கத்து மாவு மில் அண்ணன். ஞாயிறு காலையில் மில்லை இரண்டு மணி நேரம் நிறுத்துவது சின்ன உதவி அல்ல. டிசிடி-யில் காதுதான் முதல் கருவி. நடுமூளைத் தமனியில் ரத்தம் நொடிக்கு சுமார் 55 சென்டிமீட்டர் ஓடும்போது, அலையின் அதிர்வெண் மாற்றம் ஏறக்குறைய 1400 ஹெர்ட்ஸ், நேராகக் காதில் விழும் ஒலி. மெல்லிய "புஸ்... புஸ்..." வரும் பக்கமாகத்தான் கை திரும்ப வேண்டும். மில் ஓடியிருந்தால் அந்தச் சத்தம் அமுங்கிப்போயிருக்கும்.

இதயத்தில் உள்ள ஓட்டை வழியாகக் குமிழிகள் மூளைக்குப் போகின்றனவா என்று டிசிடி-யில் பார்க்கும் குமிழிச் சோதனையை நர்ஸ் அக்கா யாருக்கும் ஊசி போடாமலே கற்றுக்கொடுத்தார். 9 மில்லி சலைன், 1 மில்லி காற்று, மூவழி அடைப்பானில் இரண்டு சிரிஞ்சுகள். இங்கும் அங்குமாகப் பத்து முறை தள்ளி, உடனே செலுத்த வேண்டும். கண்ணாடிக் குவளையில் விட்டுக் காட்டினார். உடனே விட்டபோது பால் போல வெளுத்தது, தாமதித்தபோது பெருங்குமிழிகள் மேலே போய்விட்டன. உண்மையான சோதனையில், ஊசி போட்ட ஐந்தாவது நொடியில் நோயாளி மூச்சடக்கி முக்க வேண்டும். பத்து நொடிக்குப் பிறகு விட வேண்டும். முக்கும்போது திரையில் வேகம் இறங்கவில்லையென்றால் முக்கியது போதவில்லை.

இங்கேதான் எதிர்வீட்டுக் கன்னட அம்மா கைகொடுத்தார். தமிழில் "மூச்சைப் பிடி" என்றால் அடக்கு. கன்னடத்தில் "உசிரு பிடி" என்றால் விடு. பெங்களூரில் இரண்டு மொழிக்காரர்களும் வந்து படுக்கும் கட்டிலில் இந்த ஒரு சொல் சோதனையையே தலைகீழாக்கிவிடும். அடக்கச் சொல்ல "ஹிடி" என்று அவர் எழுதிக் கொடுத்தது இப்போது சுவரில் ஒட்டியிருக்கிறது.

கூடலூரிலிருந்து இரவுப் பஸ்ஸில் வந்த தங்கைகளே, உங்கள் தேவைதான் எங்களுக்குப் பெரிதாகப் பட்டது. ரத்தச் சிவப்பணுக்களை அரிவாள் போல வளைக்கும் பரம்பரை நோயான அரிவாள் செல் நோயின் மரபணு இந்தியாவில் முதலில் பதிவானதே 1952-இல் உங்கள் நீலகிரி மலையில்தான். அந்த நோயுள்ள 2 முதல் 16 வயதுக் குழந்தைக்குச் சராசரி வேகம் நொடிக்கு 200 சென்டிமீட்டரைத் தொட்டால் பக்கவாத ஆபத்து அதிகம், முறையாக ரத்தம் ஏற்றினால் பெருமளவு தடுக்கலாம். குழந்தை தூங்கக் கூடாது, தூங்கினால் கரியமில வாயு கூடி வேகம் ஏறிவிடும். அழுது மூச்சிரைத்தால் வேகம் இறங்கிவிடும். காய்ச்சல் இருந்தால் இன்னொரு நாள் வரச் சொல்லுங்கள்.

ஜன்னல் கிடைக்காத அம்மாக்களே, உங்கள் கையில் கொடுத்த மஞ்சள் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அது நோய்ச் சீட்டு அல்ல. பின்னாளில் எந்த டாக்டராவது டிசிடி எழுதினால் அதைக் காட்டுங்கள், அவர் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சிடி அல்லது எம்ஆர் ஆஞ்சியோவை முதலிலேயே யோசிப்பார்.