முப்பது சதவீதக்காரர்கள் எங்கே போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் ஒன்றைப் பற்றித் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் வந்த அறிவிப்பைப் படித்தேன். '40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ளவர்கள் மட்டும் கலந்துகொள்ளலாம்' என்று அதன் கடைசி வரியில் இருந்தது. அந்த ஒரு வரியைப் பற்றியதே இக்கடிதம்.

என் அக்காள் மகன், சிறுவனாக இருந்தபோது கிட்டிப்புள் பட்டு இடக்கண் பார்வையை முற்றிலும் இழந்தவன். வலக்கண்ணில் குறையேதும் இல்லை. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பயிற்சி முடித்திருக்கிறான். ஒற்றைக் கண்ணுக்கு ஆழம் சட்டென்று பிடிபடாது என்பதால், டிரில்லிங் மெஷினை ஓடவிடும் முன் பிட்டின் முனையையும் இரும்பில் அடித்த பஞ்ச் குறியையும் விரல் நுனியால் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வான். அந்தச் சில நொடித் தாமதத்தைத் தவிர அவன் வேலையில் நான் குறை கண்டதில்லை. நானும் முப்பது ஆண்டுகள் லேத் பட்டறையில் நின்றவன்தான்.

தொழிற்சாலை ஒன்றின் செய்முறைத் தேர்வில் அவன் தேறினான். பிறகு நடந்த உடல் தகுதிப் பரிசோதனையில் வலக்கண்ணை ஓர் அட்டையால் மறைத்து எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்கள். வேலை அத்தோடு போயிற்று. சரி, அரசின் உதவியையாவது நாடுவோம் என்று மருத்துவக் குழுவின் முன் நிறுத்தினோம். 30 சதவீதம் என்று சான்று கிடைத்தது. மருத்துவரைக் குறை சொல்ல வழியில்லை. ஒரு கண் நன்றாக இருந்து மற்றொன்றில் பார்வையே இல்லாவிட்டால் 30 என்பது மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறையிலேயே உள்ள கணக்கு. 40 சதவீதத்துக்குக் கீழ் உள்ளோருக்கான வெள்ளை நிற அடையாள அட்டையும் வந்தது. அந்த அட்டையை எடுத்துக்கொண்டு தொழிற்பயிற்சிக்கும் சுயதொழில் கடனுக்கும் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம், நாற்பது இல்லையே என்ற பதில்தான். ஆலை வாசலில் ஊனமுற்றவன் என்று திருப்பி அனுப்பப்பட்டவன், அலுவலக மேசைக்கு முன் போதிய அளவு ஊனமில்லாதவன் ஆகிவிட்டான்.

நாற்பது என்ற வரம்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 34ஆவது பிரிவு அரசுப் பணிகளில் தரும் 4 சதவீத இடஒதுக்கீட்டில், பார்வைக் குறைபாடு உடையோருக்கு உரியது 1 சதவீதம். இரு கண்களும் தெரியாத ஒருவரோடு அந்த இடத்துக்கு என் மருமகன் போட்டியிடுவது நியாயமில்லை. அவனும் அதைக் கேட்கவில்லை. ஆனால் அதே சட்டத்தில் தொழிற்பயிற்சி, சுயதொழில், சலுகை வட்டிக் கடன் ஆகியவற்றைப் பேசும் 19ஆவது பிரிவில் நாற்பது என்ற எண்ணே கிடையாது. நீண்டகாலக் குறைபாடு ஒன்று, சுற்றியுள்ள தடைகளோடு சேர்ந்து, ஒருவர் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்பதைத் தடுக்குமானால் அவர் மாற்றுத்திறனாளி என்பதுதான் சட்டம் தரும் பொது வரையறை. இடஒதுக்கீட்டுக்கென வகுத்த அளவுகோலை, வேலை தேட உதவும் முகாமின் வாசலிலும் கொண்டுபோய் நிறுத்துவது வசதிக்காகச் செய்வதே அன்றி வேறில்லை.

எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள குடிமைப் பணித் தேர்வர் ஒருவருக்கு, 40 சதவீதக் குறைபாடு இல்லை என்பதால், அவர் சொல்லச் சொல்லத் தேர்வை எழுதித் தரும் உதவியாளர் மறுக்கப்பட்ட வழக்கில், அந்த வரம்பைக் காட்டி மறுப்பது சட்டத்துக்கு ஒவ்வாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. தேர்வு அறைக்குப் பொருந்துவது பட்டறைக்குப் பொருந்தாதா?

நிதிக்கு எல்லை உண்டு, போலிச் சான்றோடு வருவோரும் உண்டு என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். நிதி குறைவென்றால் கூடுதல் பாதிப்புள்ளோருக்கு முன்னுரிமை கொடுக்கட்டும். மற்றவர்களைக் கதவுக்கு வெளியே நிறுத்தத் தேவையில்லை. போலிச் சான்றைப் பொறுத்தவரை, முப்பதுக்காக எவரும் போலி தயாரிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. வருபவரிடம் என்ன வேலை தெரியும், அதைச் செய்ய எது தடையாக இருக்கிறது, எந்தக் கருவியோ மாற்றமோ இருந்தால் செய்யலாம் என்று கேட்க ஒருவரை முகாமில் அமர்த்தினால், சான்றிதழில் தெரியாதது அங்கே தெரியவரும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இனி இத்தகைய முகாம் அறிவிப்புகள் தங்கள் அலுவலகத்துக்கு வரும்போது, வெள்ளை அட்டை வைத்திருப்போர் வரலாமா, கூடாதென்றால் எந்த அரசாணையின்படி என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் தங்கள் செய்தியாளர் கேட்டு, அந்தப் பதிலையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி ஒருவர்,
கோவில்பட்டி.