ஆபரேஷன் நடக்கும்போதே கட்டியின் தன்மை தெரிய, கைப்பேசி வழிப் பரிசோதனை வசதி கேட்டு மனு

அனுப்புநர்:
குறிஞ்சிப்பாடி வட்டத்தைச் சேர்ந்த முந்திரித் தொழிலாளி
(பெயர், முகவரி தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள், கடலூர்.

பொருள்: அரசு மருத்துவமனை ஆபரேஷன் தியேட்டரிலிருந்தே திசுவின் படத்தைக் கைப்பேசியில் அனுப்பி, வெளியூர் நோயியல் மருத்துவரின் முடிவை உடனே பெற வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே கோரிக்கையைத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் முன்பே கொடுத்திருக்கிறேன். துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று குறுஞ்செய்தி வந்ததோடு சரி. எந்த மருத்துவமனை என்பது பழைய மனுக்களில் இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அதனால் இதில் பெயரை எழுதவில்லை. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கத்தில் முந்திரி உடைத்துப் பிழைக்கிற பெண்களின் நிலைமையை நான் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. என் அக்காவும் அவர்களில் ஒருவர்.

1. அக்காவுக்குச் சினைப்பையில் கட்டி. சாதாரணக் கட்டியா, புற்றா என்று ஸ்கேனில் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வயிற்றைத் திறந்துதான் பார்க்க வேண்டும் என்றார்கள். சம்மதித்தோம்.

2. ஆபரேஷன் பாதியில் இருக்கும்போது டாக்டர் வெளியே வந்தார். கட்டியை எடுத்தாகிவிட்டது, பார்வைக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றார். புற்றாக இருந்தால் கர்ப்பப்பை, இன்னொரு சினைப்பை, குடலை மூடியிருக்கும் கொழுப்புப் படலம் எல்லாவற்றையும் இப்போதே எடுப்பது நல்லது, இல்லையென்றால் அத்தனையும் வீணாக எடுத்ததாகிவிடும், இன்னொரு குழந்தைக்கு வழியே இருக்காது என்றார். என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டார். மாமா திருப்பூரில் வேலையில் இருந்தார், போன் எடுக்கவில்லை. உள்ளே அக்கா மயக்கத்தில், வயிறு திறந்த நிலையில். பத்தாவது வரை படித்த நான் அந்தக் கதவுக்கு வெளியே நின்று என்ன சொல்ல முடியும் ஐயா? உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள் என்றேன். அவருக்கும் அது தெரியாமல்தானே என்னிடம் வந்தார். கட்டியை மட்டும் எடுத்துத் தையல் போட்டார்கள். கட்டியைப் பார்மலின் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) டப்பாவில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வெளி லேப்பில் கொடுத்தேன். தையல் பிரித்த பிறகுதான் ரிசல்ட் வந்தது. புற்று. ஆறிக்கொண்டிருந்த அதே வயிற்றைத் திரும்பக் கிழித்தார்கள். திரும்ப மயக்க ஊசி, திரும்ப ரத்தம் தேடி அலைச்சல், இருந்த நகையும் அடகுக்குப் போனது. கீமோ தள்ளிப் போனது. "முதல்லயே எடுத்திருக்கலாமே தம்பி" என்று அக்கா கேட்கிறாள்.

3. இதற்கு வழி இருக்கிறது. ஃப்ரோசன் செக்‌ஷன் என்கிறார்கள். எடுத்த திசுவைக் கிரையோஸ்டாட் என்ற கருவியில் மைனஸ் 20 டிகிரி அளவில் உறைய வைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, சுமார் 20 நிமிடத்தில் தியேட்டருக்கே பதில் சொல்லிவிடலாம். எங்கள் மருத்துவமனையில் மைக்ராஸ்கோப் இருக்கிறது, லேப் டெக்னீஷியன் இருக்கிறார். அந்தக் கிரையோஸ்டாட்டும், பார்த்துச் சொல்லும் பேத்தாலஜிஸ்ட் என்கிற நோயியல் மருத்துவரும்தான் இல்லை. சிதம்பரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது. அங்கே இருப்பவர் இங்கே வர வேண்டாம். மைக்ராஸ்கோப்பின் கண்வில்லையில் ஒரு பிடிப்பான் மாட்டி அதில் ஸ்மார்ட்போனைப் பொருத்தினால், அவர் வீடியோவில் பார்த்துக்கொண்டே "இடது பக்கம் நகர்த்துங்கள், 40 லென்ஸ் போடுங்கள்" என்று சொல்லுவார். எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லேப் டெக்னீஷியன் ஒருவர்தான் இதை எனக்கு விளக்கினார். நார்வே நாட்டின் வடகோடியில் 1990 வாக்கிலேயே, ஸ்மார்ட்போன் என்ற ஒன்றே இல்லாத காலத்தில், தொலைவிலிருந்த டிராம்சோ மருத்துவமனை சிறிய ஊர்களின் ஆபரேஷன்களுக்கு இப்படிப் படம் பார்த்துப் பதில் சொல்லியிருக்கிறது. நம் நாட்டிலும் மார்ச் 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் ஒரு டாக்டர் இன்னொரு டாக்டரிடம் இவ்வாறு ஆலோசனை பெற அனுமதிக்கிறது.

4. போன் மட்டும் போதாது என்பதும் தெரியும். கிரையோஸ்டாட்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். சட்டமன்றத் தொகுதி மேம்பாட்டு நிதியிலோ, மாவட்டத்தில் உள்ள பெரிய நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியிலோ தாங்கள் சொன்னால் கிடைக்கும். அது வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். வெட்டிய திசுவைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்துச் சாயம் ஏற்றிப் பார்க்கிற முறை இருக்கிறது, அதற்கு உறைய வைக்கும் கருவி தேவையில்லை. ஃப்ரோசன் அளவுக்கு விவரம் தெரியாது, ஆனால் பல நேரம் டாக்டருக்கு ஒரு துப்பு கிடைக்கும். படத்தில் தெளிவில்லை என்று பேத்தாலஜிஸ்ட் சொன்னால் அன்றைக்குக் காத்திருக்கலாம், அதை ஏற்றுக்கொள்கிறோம். துறை வாங்கிக் கொடுத்த போன், நோயாளியின் பெயர் வெளியே போகாத ஏற்பாடு, நெட் போனால் இன்னொரு சிம், கரண்ட் போனால் ஜெனரேட்டர், ஆபரேஷன் நாட்களில் போனை எடுப்பதற்கென்று பொறுப்பான ஒரு பேத்தாலஜிஸ்ட். இவ்வளவுதான் கேட்கிறேன்.

5. துறைக்கு அனுப்பியாகிவிட்டது என்கிறீர்கள். துறையில் யார் மேஜையில் இருக்கிறது? அந்த மனு அங்கே கிடக்கிற நேரத்திலும் அதே தியேட்டரில் ஆபரேஷன் நடக்கிறது ஐயா. இன்னொரு தம்பியோ தகப்பனோ அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறான். காய்கறி விலையைக்கூட போனில் படம் போட்டுக் கேட்கிறோமே, ஒரு பெண்ணின் வயிற்றை எவ்வளவு வெட்டுவது என்பதற்கு மட்டும் ஏன் பஸ்ஸில் டப்பா போக வேண்டும்?

6. எனக்கு நிவாரணத் தொகை எதுவும் வேண்டாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தாங்கள் நேரில் ஒருமுறை அந்த லேப்பைப் பார்வையிட்டு, மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறையோடு பேசி, கைப்பேசி வழி இணைப்புக்கு உத்தரவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இந்த மனுவையாவது துறைக்கு அனுப்பிவிட்டு முடித்துவிடாதீர்கள். எந்தத் தேதிக்குள் செய்யப்படும், செய்ய முடியாது என்றால் ஏன் என்று எழுத்தில் ஒரு பதில் தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள், இரண்டு ஆபரேஷன்களின் டிஸ்சார்ஜ் சீட்டு நகல்கள்.