தாய்மொழி: 'சௌராஷ்டிரம்' என்றே பதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வரவிருக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியும் பதிவாகிறது. சேலத்தில் அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டைப் பக்கம் வாழும், குஜராத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நெசவாளர் சமூகமான சௌராஷ்டிரக் குடும்பங்களின் விவரம் இந்த முறையாவது பிழையில்லாமல் ஏற வேண்டும்.

2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் நாடு முழுவதும் 2,47,702 பேர். மொழி அட்டவணையில் 'குஜராத்தி' என்ற தலைப்பின்கீழ் ஒரு தனி வரியாக இந்த எண்ணிக்கை இருக்கிறது. நமக்கு இருக்கும் சான்று அந்த ஒரு வரிதான். "எங்க பூர்வீகம் குஜராத்" என்று பேச்சுவாக்கில் சொன்னால் கணக்கெடுக்க வந்தவர் 'குஜராத்தி' என்று போட்டுவிடுவார். வியாபாரத்துக்காகப் பிற்காலத்தில் வந்த குஜராத்திக் குடும்பங்களோடு சேர்ந்துவிட்டால் அப்புறம் பிரித்தெடுக்க முடியாது. "தமிழும் பேசுவோம்" என்றால் தமிழ் என்று ஏறும். தமிழைச் சொல்ல 2011 படிவத்தில் தாய்மொழிக்கு அடுத்தே 'அறிந்த பிற மொழிகள்' என்ற கேள்வி இருந்தது. இரண்டு மொழிகள் வரை சொல்லலாம்.

தாய்மொழி என்பது ஒருவரின் சிறுவயதில் தாய் அவரிடம் பேசிய மொழி என்பதே கணக்கெடுப்பின் இலக்கணம். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். குடும்பத் தலைவரிடம் ஒருமுறை கேட்டுவிட்டு எல்லோருக்கும் அதையே நிரப்புவதால் பிழைகள் வருகின்றன. இம்முறை செல்போன் செயலியில் பதிவு. முடிக்கும் முன் திரையைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிடுங்கள்.

சாதியிலும் கவனம் வேண்டும். தமிழக அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ள பெயர் 'சௌராஷ்டிரா (பட்டுநூல்காரர்)'. ஐயர், ஐயங்கார், ராவ், பாகவதர் என்று தாத்தா பெயரோடு வருபவை பட்டங்கள்தான். அவற்றைச் சாதியாகச் சொன்னால் வேறு கணக்கில் போய்விடும். தறி இருக்கிற வீடெல்லாம் ஒரே சாதி என்று நினைக்கிற கணக்கெடுப்பாளர்களும் உண்டு. சேலத்தில் தேவாங்கரும் செங்குந்தரும்கூடத்தான் நெய்கிறார்கள்.

படிவம் கேட்காத ஒன்றும் இருக்கிறது: தலைமுறை தலைமுறையாக வரும் குடும்பப் பெயரான வீட்டுப்பெயர். பாடகர் டி.எம்.சௌந்தரராஜன் பெயரை விரித்தால் தொகுளுவா மீனாட்சி ஐயங்கார் சௌந்தரராஜன். முதலெழுத்து வீட்டுப்பெயர், இரண்டாவது தந்தை பெயர், 'ஐயங்கார்' பட்டம். சம்பந்தம் பேசும்போது வீட்டுப்பெயரைச் சொன்னால் பெரியவர்கள் கோத்திரத்தைச் சொல்லிவிடுவார்கள். ஒரே கோத்திரம் என்றால் பேச்சு அதோடு நின்றுவிடும். இப்போது பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் தந்தையின் முதலெழுத்து மட்டுமே இருப்பதால், இரண்டு தலைமுறைக்குப் பின் கோத்திரம் தேட ஒரு பிடியும் இருக்காது. பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைப் பதியும்போதே இரண்டு முதலெழுத்தையும் சேர்த்துவிடுங்கள், பின்னால் திருத்த அலைச்சல் அதிகம்.

கணக்கெடுப்பாளர் வருவதற்குள் ஒரு தாளில் ஒவ்வொருவருக்கும் பெயர், வீட்டுப்பெயர், கோத்திரம், தாய்மொழி எழுதி வையுங்கள். வீட்டுப்பெயரை எல்லோரும் ஒரே மாதிரி எழுதுவது முக்கியம். அண்ணன் ஒரு விதமாகவும் தம்பி வேறு விதமாகவும் எழுதினால் பேரன் காலத்தில் இரண்டு குடும்பம் ஆகிவிடும். தெரிந்தவர்கள் சௌராஷ்டிர எழுத்திலும் எழுதுங்கள். ம, ந, ர, ல ஆகியவற்றை மூச்சுக்காற்றோடு சேர்த்து ஒலிக்கும் மூச்சொலிக்கு அதில் 'ஹாரு' என்று தனிக்குறியே உண்டு; தமிழில் எழுதினால் அந்த ஒலி விழுந்துவிடும். 2008 முதல் இந்த எழுத்து யூனிகோடில் இருப்பதால், எழுத்துருவை நிறுவிக்கொண்டால் கணினியிலேயே அடிக்கலாம்.

இப்படிக்கு,
வாசகர்,
பொன்னம்மாப்பேட்டை, சேலம்.