நட்சத்திரம் கடுகாகத் தெரிய வேண்டும்

சுங்கை சிப்புட், பேராக், மலேசியா
ஜூன் 8

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். அம்மாவின் மருந்துக்குக் காசு போட்டுவிட்டேன்.

நீ எடுத்த நட்சத்திரப் படம் பார்த்தேன். ஒவ்வொன்றும் பணியாரம் மாதிரி உப்பியிருக்கிறது. கேமராவைத் திட்டாதே, ஃபோகஸ்தான் தப்பு. வளையத்தைக் கடைசி வரை திருகினால் போதும் என்று நினைத்திருப்பாய். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் சரியான இடத்தைத் தாண்டியும் சுற்றும். லென்ஸ் பொத்தானை எம்எஃப், அதாவது கையால் ஃபோகஸ் செய்யும் பக்கம் தள்ளு. கேமராத் திரையில் லைவ் வியூ போட்டு, பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, 10 மடங்கு பெரிதாக்கி, மயிரிழை மயிரிழையாகத் திருப்பு. வெள்ளை உருண்டை சுருங்கிக் கடுகாகும். இன்னும் திருப்பினால் மறுபடி ஊதும். கடுகான இடத்தில் டேப் ஒட்டிவிடு. அப்புறம் ஜூமைத் தொட்டால் எல்லாம் போச்சு.

மற்றது சுலபம். எல்லாம் நாமே வைக்கும் எம் மோடு, ஜூம் 18 எம்எம், லென்ஸ் திறப்பு எஃப் 3.5, ஒளி உணர்வு ஐஎஸ்ஓ 1600, சுருக்காத ரா ஃபைல். ஸ்டாண்டில் வைத்ததும் ஆட்டம் தடுக்கும் ஸ்டெபிலைசரை அணை, 2 விநாடி டைமர் போடு. எத்தனை விநாடி திறந்து வைப்பது என்றால், வழக்கமான கணக்கு எண் 500ஐ 18ஆலும், உன் கேனனுக்கு உரிய 1.6ஆலும் வகுத்தால் 17 வரும். நீ 15 விநாடி வை. அதற்கு மேல் போனால் வானத்து நடுக்கோட்டுக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே ஓடும் கோடு) பக்கத்து நட்சத்திரங்கள் கோடாகிவிடும், அவைதான் வேகமாக நகர்பவை. தென் சிலுவை நட்சத்திரக் கூட்டம் அந்த நடுக்கோட்டுக்கு 60 பாகை தெற்கே இருப்பதால் அதன் ஓட்டம் பாதிதான். 30 விநாடிகூடத் தாங்கும். இந்த மாதம் இருட்டியதும் நேர் தெற்கே நிமிர்ந்து நிற்கும். இங்கே 25 பாகை உயரம், நம் ஊரில் 20தான். துருவ நட்சத்திரமோ இங்கே 5 பாகையில் செம்பனை (எண்ணெய்ப் பனை) மட்டைக்குள் போய்விட்டது.

தோப்புக்குள் நின்றால் வானமே தெரியாது. மறுநடவுக்குக் கிழமரம் வெட்டிய வெளிதான் வசதி. டார்ச் இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. குவித்த மட்டைக்குள் எலி, எலிக்குப் பின்னால் நாகம். எண்ணெய் ஆலை விளக்குக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். மணி எட்டே முக்கால் ஆகாமல் முழு இருட்டும் கிடையாது.

இதையெல்லாம் விடப் பெரிய தொல்லை ஈரம். திறந்த வானத்தைப் பார்த்திருக்கும் கண்ணாடி காற்றைவிடச் சீக்கிரம் குளிரும், ஈரக்காற்று அதில் படியும். கால் மணியில் படம் பால் ஊற்றினாற்போல் ஆகும். சட்டைத் துணியால் துடைக்காதே, கீறல் விழும். வெந்நீர் நிரப்பிய சின்ன பாட்டிலைத் துணியில் சுற்றி லென்ஸ் குழலோடு கட்டு. ஏசி அறையிலிருந்து எடுத்தால் பிளாஸ்டிக் பையில் கட்டியபடியே அரைமணி வெளியே வை. உனக்கு மார்கழிப் பனியில் இதே பாடுதான்.

ஒரே படத்தை நம்பாதே. அதே அமைப்பில் 20 எடு. பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு, விநாடியும் ஐஎஸ்ஓவும் மாற்றாமல் இன்னும் 10. சூட்டில் வரும் சிவப்பு, நீலப் புள்ளிகளை அந்த இருட்டுப் படங்கள் கழித்துவிடும். கம்ப்யூட்டரில் சீக்வேட்டர் என்ற மென்பொருள் இலவசம். எல்லாவற்றையும் அதுவே அடுக்கும்.

புது லென்ஸுக்கு அம்மாவிடம் காசு கேட்காதே. அமாவாசைக்குள் இரண்டு பேட்டரியையும் சார்ஜ் போட்டு வை.

அன்புடன்,
அண்ணன்