மிச்ச டேப்பில் பதிந்தவை

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். "கட்டுரை எழுதும்போது பாட்டுப் போட்டால் வார்த்தை குறுக்கே வருதுப்பா. வார்த்தை இல்லாத இசையா ஒரு டஜன் சொல்லுங்க, பின்னால ஓடிட்டே இருக்கட்டும்" என்றாய். பெயர்களை மட்டும் வாட்ஸ்அப்பில் தட்டி அனுப்பியிருக்கலாம். ஆனால் மூன்று நாளாகப் பரணிலிருந்து இறக்கிய பழைய பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். வெறும் பெயராக அனுப்ப மனசு வரவில்லை. ஹெல்சிங்கியில் இப்போது மூன்றேகால் மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது என்றாயே, இருட்டிய பிறகு நிதானமாகப் படி.

ஈரோட்டில் நம் ரெக்கார்டிங் கடை உனக்கு அரைகுறையாகத்தான் நினைவிருக்கும். வருகிறவர்கள் ஒரு துண்டுச் சீட்டில் பாட்டுகளை எழுதிக்கொண்டு வருவார்கள். சி-60 கேசட்டில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். ஆறு பாட்டு பதிந்தால் இருபத்தேழு நிமிடம் போய்விடும். மூன்று நிமிட டேப் மிஞ்சும். ஏழாவது பாட்டைத் திணித்தால் சரணத்தின் நடுவில் அறுந்து நிற்கும். பாட்டைப் பாதியில் வெட்டுவது எனக்கு அன்றைக்கும் ஆகாது, இன்றைக்கும் ஆகாது. சும்மா விட்டால் காசு கொடுத்தவர் டேப் வீணாகிறது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்த ஒரு வாடிக்கையாளர் தன்னிடமிருந்த இரண்டு பெட்டி இசைத்தட்டுகளை என்னிடம் விட்டுப் போனார். ராக், பாப், எலக்ட்ரானிக் என்று கலந்து கிடந்தது. அதில் பாடுகிறவர் இல்லாத சின்னச் சின்ன இசைகளைத் தேடி எடுத்து, எது எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்தேன். மிச்ச டேப்பில் அதைப் பதிவேன். முந்தைய பாட்டு சோகமாக முடிந்தால் அதற்குப் பக்கத்தில் உட்காரும்படி ஒன்று, துள்ளலாக முடிந்தால் இன்னொன்று. யாரும் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து வந்து, "கடைசியில ஒண்ணு வருதே, அது என்னங்க?" என்று கேட்டவர்கள் நிறைய. அந்தக் கேள்விக்காகவே கடை நடத்தினேன் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த நோட்டில் முதல் வரி ஸ்லீப் வாக். இரண்டரை நிமிடம்கூட இல்லை. நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த சாண்டோ, ஜானி என்ற சகோதரர்கள் வாசித்தது. மடியில் கிடத்தினாற்போல் வைத்து, தந்தி மேல் உலோகக் கட்டையை நழுவவிட்டு வாசிக்கிற ஸ்டீல் கிட்டார். நம் கோட்டுவாத்தியத்தில் கட்டை வழுக்கிப்போகும்போது ஒரு ஸ்வரம் கரைந்து அடுத்ததாக ஆகுமே, அதே சுகம். 1959-ல் அமெரிக்காவில் முதலிடத்துக்குப் போனது.

இதன் பின்கதை எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. இரண்டாம் உலகப் போரின்போது அந்தப் பையன்களின் அப்பா ராணுவத்தில் இருந்தார். ஓக்லஹோமாவில் முகாம். அங்கே ரேடியோவில் ஸ்டீல் கிட்டார் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, பையன்கள் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஊரிலிருந்த மனைவிக்குக் கடிதம் எழுதினார். வீட்டை விட்டு எங்கேயோ கிடக்கிற ஒரு மனுஷன், ஒரு ஒலியைக் கேட்டதும் அது தன் பிள்ளைகளின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நினைத்திருக்கிறார். ஸ்லீப் வாக்கை இப்போது போட்டால் எனக்கு அந்தக் கடிதம்தான் முதலில் கேட்கிறது. உனக்கு இரண்டு வயதில் தூங்குவதற்கு ஒரு கேசட் பதிந்தேன். அதில் முதலில் இதுதான். கட்டை மேலே ஏறுகிற இடத்தில் நீ என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொள்வாய். இறங்கும்போது விட்டுவிடுவாய்.

அடுத்து சிலவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், கேட்டாலே உனக்குப் புரிந்துவிடும். தி ஷேடோஸ் வாசித்த அப்பாச்சி, 1960. ஹாங்க் மார்வினின் கிட்டார் எதிரொலியோடு வரும், திறந்த வெளியில் நிற்பது போல இருக்கும். புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.'ஸ் குழுவின் கிரீன் ஆனியன்ஸ், 1962. அந்த ஆர்கனை வாசித்த புக்கர் டி-க்கு அப்போது பதினேழு வயது. துள்ளலான பாட்டுக்குப் பின்னால் இதைத்தான் போடுவேன். மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவிக்காக கெர்ஷன் கிங்ஸ்லி 1969-ல் எழுதிய பாப்கார்ன். ஊருக்கெல்லாம் தெரிந்தது 1972-ல் ஹாட் பட்டர் வாசித்த பிறகு. ஃப்ளீட்வுட் மேக்கின் ஆல்பட்ராஸ், 1968. பீட்டர் கிரீன் எழுதியது. டிரம்ஸைக் குச்சியால் அடிக்காமல், நுனியில் பஞ்சு சுற்றிய கொட்டானால் தட்டியிருக்கிறார்கள், அலை கரையைத் தொட்டுத் திரும்புவது போல இருக்கும். காதல் தோல்விப் பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேருக்கு இதைப் பதிந்தேனோ, கணக்கே இல்லை.

டெல்ஸ்டாரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1962 ஜூலையில் டெல்ஸ்டார் செயற்கைக்கோள் மேலே போனது. அட்லாண்டிக் கடலைத் தாண்டி முதல் முறையாக நேரடித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பியது அதுதான். லண்டன் ஹாலோவே சாலையில், ஒரு தோல்பொருள் கடைக்கு மேலே குடியிருந்த ஜோ மீக், வீட்டு அறைகளையே ஸ்டுடியோவாக்கி வைத்திருந்தார். அந்தச் செயற்கைக்கோளை நினைத்து அங்கே அவர் பதிவு செய்தது இது, வாசித்தது தி டொர்னாடோஸ். அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் பிரிட்டிஷ் குழு அவர்கள். ஆனால் மெட்டு தன்னுடையது என்று பிரான்ஸில் ஒருவர் வழக்குப் போட்டதால் ராயல்டி பணம் நின்றுபோனது. வழக்கு முடிவதற்குள் 1967-ல் மீக் இறந்துவிட்டார். கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்து வானத்தைப் பற்றி யோசித்த அந்த ஆள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

வார்த்தை இல்லாத இசை ஒன்றும் சொல்லாது என்று யாராவது உன்னிடம் சொன்னால் லிங்க் ரேயின் ரம்பிளைப் போட்டுக் காட்டு. 1958. ஒலி கரகரவென்று கிழிய வேண்டும் என்பதற்காக ஸ்பீக்கரில் பென்சிலால் ஓட்டை போட்டார் அவர். நாங்கள் கேசட் சுற்றிய பென்சில்! பெயருக்குத் தெருச்சண்டை என்று ஒரு அர்த்தம் உண்டு. இளைஞர்களை வன்முறைக்குத் தூண்டும் என்று சில அமெரிக்க ஊர்களில் வானொலிகள் இதை ஒலிபரப்ப மறுத்தன. ஒரு சொல்கூட இல்லாததைத் தடை செய்திருக்கிறார்கள். அப்படியானால் அது எவ்வளவு தெளிவாகப் பேசியிருக்க வேண்டும்!

இப்போது ஜெசிக்கா. இது மிச்ச டேப்பில் அடங்காது, ஏழு நிமிடத்துக்கு மேல். எனக்காக மட்டும் பதிந்து வைத்திருந்தேன். ஆல்மன் பிரதர்ஸ் பேண்ட், 1973. அந்தக் குழு 1971 அக்டோபரில் டுவேன் ஆல்மனை மோட்டார் சைக்கிள் விபத்தில் இழந்தது. அடுத்த வருடம் நவம்பரில் பெரி ஓக்லி, அதுவும் மோட்டார் சைக்கிள் விபத்து. இரண்டுமே ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் ஊரில். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் செய்த ஆல்பத்தில் இப்படி ஒரு இசை. கிட்டாரிஸ்ட் டிக்கி பெட்ஸ், ஜாஸ் கிட்டார் மேதை ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டை நினைத்து ஒரு மெட்டுப் போட முயன்றுகொண்டிருந்தார். ஜாங்கோ தீ விபத்துக்குப் பிறகு இடது கையில் இரண்டு விரல்களை மட்டுமே முழுதாக வைத்து வாசித்தவர். அதனால் பெட்ஸும் இரண்டு விரலால் வாசிக்கிற மெட்டாகத் தேடினார். பிடிபடவில்லை. அப்போது அவருடைய கைக்குழந்தை ஜெசிக்கா தவழ்ந்துகொண்டு அறைக்குள் வந்தாள். அவள் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே, அதன் கூடவே வாசித்தார். மெட்டு வந்துவிட்டது. நடுவில் சக் லீவெல்லின் பியானோ வருகிற இடத்தைக் கவனி. குழந்தை ஓட ஆரம்பித்துவிடும், பிடிக்க முடியாது.

ஆக்ஸிஜென் உன் வேலைக்கு ரொம்பப் பொருந்தும். ழான் மிஷேல் ஜார் 1976-ல் பாரிஸில் தன் வீட்டுச் சமையலறையை ஸ்டுடியோவாக்கி, சில சிந்தசைசர்களையும் ஒரு தாளப் பெட்டியையும் வைத்துக்கொண்டு செய்தது. பாடகர் இல்லை, ஒரு பகுதியே பத்து நிமிடம் ஓடுகிறது, யார் வாங்குவார்கள் என்று பல கம்பெனிகள் திருப்பி அனுப்பின. அவருடைய அப்பா மொரிஸ் ஜார் பெரிய திரைப்பட இசையமைப்பாளர். ஆனால் பையனுக்கு ஐந்து வயதிலேயே குடும்பத்தை விட்டுப் பிரிந்துவிட்டார். வளர்த்தது அம்மா. நம் ராஜா சார் 1986-ல் தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக ஹௌ டு நேம் இட் செய்தபோது, முழு ஆல்பமும் பாடல் இல்லாமல் ஓடினால் ஜனங்கள் கேட்பார்களா என்ற சந்தேகமே எனக்கு வரவில்லை. ஆக்ஸிஜென் அதற்கு முன்பே என்னைப் பழக்கியிருந்தது.

ஆக்ஸிஜென் ஆல்பம் மொத்தம் ஏறக்குறைய நாற்பது நிமிடம். சி-90 கேசட்டில் ஒரு பக்கம் நாற்பத்தைந்து. ஐந்து நிமிடம் மிஞ்சும். மிச்ச டேப்பில் நான் எதுவும் பதியாமல் விட்டது அந்த ஒரு கேசட்டில்தான். நோட்டு முழுக்கத் தேடியும், அலைச் சத்தத்தோடு அது முடிந்த பிறகு வைக்கிற மாதிரி ஒன்று கிடைக்கவில்லை. சும்மா ஓடுகிற டேப்பின் 'ஸ்ஸ்' சத்தமே போதும் என்று தோன்றியது.

கடைசியாக, ராபர்ட் மைல்ஸின் சில்ட்ரன். நீ இதைக் கேட்டிருப்பாய், பெயர் தெரிந்திருக்காது. இத்தாலிக்காரர், டி.ஜே. முன்னாள் யூகோஸ்லாவியாவில் போர் நடந்தபோது அவருடைய அப்பா உதவிப் பணிக்குப் போய், அங்கே போரில் அடிபட்ட குழந்தைகளின் படங்களைக் கொண்டு வந்தார். அந்தப் படங்களிலிருந்து வந்தது இந்தப் பியானோ. இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்தில் இத்தாலியில் சனிக்கிழமை இரவு முழுக்க நடனமாடிவிட்டு வேகமாகக் காரோட்டிப் போன பிள்ளைகள் நிறையப் பேர் விபத்தில் செத்தார்கள். நிகழ்ச்சி முடியும்போது மனதை அமைதியாக்கி வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி ஒன்று வேண்டும் என்று நினைத்தார். 1996-ல் ஐரோப்பாவில் பல நாடுகளில் அது முதலிடம். 2017-ல் நாற்பத்தேழு வயதில் அவர் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில் இரவு வேன் ஓட்டுகிற ஒருவர் நம் கடைக்கு வருவார். தூக்கம் வராமல் இருக்க வேகமாக ஏதாவது போடச் சொல்வார். நானும் பாப்கார்ன் மாதிரி பதிந்து கொடுப்பேன். சில்ட்ரன் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரிந்த நாளிலிருந்து, அவர் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் கடைசியில் இதை வைத்தேன். ஊர் நெருங்கும்போது நிதானமாக வரட்டும் என்று.

அதனால்தான் கண்ணு, பின்னால் ஓடட்டும் என்று நீ சொன்னது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. நானே இவற்றை மிச்ச இடத்தை நிரப்பத்தான் எடுத்தேன். கேட்கக் கேட்கத்தான் தெரிந்தது. எழுதும்போது ஓடவிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் ஒரு முறை, வேறு வேலை பார்க்காமல், முதலிலிருந்து கடைசி வரை கேட்டுவிடு. ஸ்லீப் வாக்குக்கு இரண்டரை நிமிடம்தானே. ஆக்ஸிஜென் முடிந்ததும் அடுத்ததை உடனே போடாதே. ஐந்து நிமிடம் அப்படியே இரு.

அப்புறம், ஒரு டஜன் கேட்டாய், ராஜா சாருடையது உனக்கு ஏற்கெனவே தெரியும், அதை விட்டால் பத்துதான் எழுதியிருக்கிறேன். இரண்டை நீ தேடிச் சொல். எத்தனை நிமிடம் எத்தனை நொடி என்பதையும் சேர்த்துச் சொல், நோட்டில் கடைசிப் பக்கத்தில் இடம் இருக்கிறது.

அம்மா பருப்புப்பொடியும் கம்பளிக் காலுறையும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். திங்கட்கிழமை அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா