தேர்வுக் குழு கூடுவதற்கு முன்

அன்புள்ள ராமநாதனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நம் நண்பன் தாடி ஓய்வு பெற்று ஊருக்கே வந்துவிட்டான். மாலையானால் அதே கேரம் பலகை, அதே சண்டை. பேத்தியின் காதணி விழாவுக்கு வர முடியாமற்போனதைப் பற்றி வள்ளியிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கம்தான் என்னை உடனே எழுத வைத்தது. உங்கள் கல்லூரியில் இணைப் பேராசிரியர் பதவிக்கு வந்த விண்ணப்பங்களை எச்-இண்டெக்ஸ் (ஒருவரின் எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்ற எண்) வரிசைப்படி அடுக்கி, முதல் ஐவரை மட்டும் நேர்காணலுக்கு அழைக்கப்போவதாகவும், சிபாரிசுக் கடிதங்களைவிட எண் நேர்மையானது என்றும் எழுதியிருக்கிறாய். சிபாரிசு செய்யும் அநியாயத்தை நாம் இருவரும் கண்ணாரக் கண்டவர்கள். ஆகவே உன் நோக்கத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் வைவா என்னும் வாய்மொழித் தேர்வில் கேள்வி முடியுமுன்னே பதில் சொல்லும் உன் அவசரம் இன்னும் போகவில்லை, ராமு. காலரா நச்சைக் கண்டுபிடித்த கொல்கத்தாவின் சம்பு நாத் டே இன்று விண்ணப்பித்தால் உன் பட்டியலில் எங்கே நிற்பார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்.

காலராக் கிருமியை ராபர்ட் கோக் 1884-இல் அதே கொல்கத்தாவில் இனங்கண்டார். அதிலிருந்து ஒரு நச்சு வெளிப்படக்கூடும் என்றும் ஊகித்தார். அதன் பிறகு எழுபத்தைந்து ஆண்டுகள் அந்த நச்சை யாராலும் காட்ட முடியவில்லை. காலரா குடலில் நடக்கும் நோய் என்பதால் குடலுக்குள்ளேயே சோதிக்க வேண்டும் என்பதை டே பிடித்துக்கொண்டார். முயலின் வயிற்றைத் திறந்து, சிறுகுடலின் ஒரு சிறு பகுதியை இருபுறமும் நூலால் கட்டி, அந்தக் கண்ணிக்குள் கிருமி வளர்ப்பைச் செலுத்தித் தைத்துவிடுவார். மறுநாள் பார்த்தால் கட்டிய பகுதி மட்டும் நீர் கோத்து உப்பியிருக்கும். இம்முறையை அவர் 1953-இல் வெளியிட்டார். 1959-இல் கிருமிகளை முழுவதும் வடிகட்டி நீக்கிய வளர்ப்பு நீரை மட்டும் செலுத்தியபோதும் குடல் அப்படியே உப்பியது. கிருமி இல்லை, நோய் இருக்கிறது. ஆக, நச்சு வெளியே சுரக்கிறது. நேச்சர் இதழில் இரண்டே பக்கத்தில் அடங்கிவிட்ட கட்டுரை அது.

அந்தக் கட்டுரையை அப்போது ஏறத்தாழ யாரும் கண்டுகொள்ளவில்லை. பிங்கெல்ஸ்டீன், லோஸ்பல்லூட்டோ என்ற இரு ஆய்வாளர்கள் 1969-இல் அந்த நச்சைத் தூய்மைப்படுத்திப் பிரித்தெடுத்தபோதுதான் அதன் முழு அருமை தெரியத் தொடங்கியது. ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டர் கணக்கில் முந்தைய இரண்டே ஆண்டுகளின் கட்டுரைகள்தாம் சேரும். அந்தத் தராசில் டேயின் கட்டுரை 1962-லேயே எடையற்றதாகியிருக்கும். எச்-இண்டெக்ஸோ, 2005-இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் வகுத்தபடி, ஒருவர் எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையை ஒருபோதும் தாண்டாது. உலகையே புரட்டும் ஐந்து கட்டுரைகளை எழுதியவருக்கும் உச்சம் ஐந்துதான். மறுபுறம், புரதத்தை அளக்கும் முறையை விளக்கிய லௌரியின் 1951-ஆம் ஆண்டுக் கட்டுரை மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள் பெற்றிருக்கிறது. அது ஒன்றும் மகத்தான கட்டுரை அல்ல என்று லௌரியே சொன்னார்.

டே 1973-இல் ஓய்வு பெற்றார். 1978-இல் காலராவைப் பற்றிய நோபல் கருத்தரங்குக்கு அவரை அழைத்தார்கள். 1960-களின் தொடக்கத்திலேயே தாம் இறந்துவிட்டதாகவும், கருத்தரங்கக் குழுவினர்தாம் தம்மைத் தோண்டியெடுத்ததாகவும் அவர் அங்கே சொன்னாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவரை நோபல் பரிசுக்கு முன்மொழிந்தவர், தாமே நோபல் பெற்ற விஞ்ஞானி ஜோஷுவா லெடர்பெர்க். நம் நாட்டு அறிவியல் கழகம் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985-இல் அவர் காலமானார். மறு ஆண்டு அவர் ஆய்வின் தாக்கத்தை விரிவாக எழுதியவர் வேறு யாருமல்ல, எந்தக் கட்டுரையை யார் மேற்கோள் காட்டினார் என்று தொகுக்கும் மேற்கோள் அட்டவணையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டேதான். கணக்கைக் கண்டுபிடித்தவருக்கே கணக்கின் எல்லை தெரிந்திருந்தது.

மேற்கோளில் ஏறாத பயன் இன்னொன்றும் உண்டு. வார்டில், வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுசெய்யும் ஓஆர்எஸ் பொட்டலத்தைப் பிரித்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் செவிலி, எவருடைய கட்டுரையையும் மேற்கோள் காட்டுவதில்லை. உப்பும் சர்க்கரையும் கலந்த அந்த நீரை 1971-இல் வங்காள அகதி முகாமில் ஆயிரக்கணக்கானோருக்குக் கொடுத்துக் காப்பாற்றிய திலீப் மகாலனபிஸின் பயன், மேற்கோள்களை எண்ணும் ஸ்கோபஸ் தளத்தின் எந்தப் பக்கத்தில் முழுதாகத் தெரியும்?

எண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒருவர் தொடர்ந்து உழைத்தாரா என்று பார்க்க அது உதவும். ஆனால் வாசலிலேயே ஆளைத் திருப்பியனுப்ப அதைக் காவலாக நிறுத்தாதே. பதவி உயர்வுக்குக் கட்டுரை கட்டாயம் என்றான பிறகு, பணம் கட்டினால் எதையும் அச்சிடும் இதழ்கள் எப்படிப் பெருகின என்று உனக்கே தெரியும். ஒருவர் பெயரை மற்றவர் சேர்த்துக்கொண்டு, ஒருவரையொருவர் மேற்கோள் காட்டி எண்ணை ஏற்றுவதும் நடக்கிறது. உன் வரிசையில் அவர்களே முன்னால் நிற்பார்கள்.

ஆகவே ஒவ்வொருவரும் தம் சிறந்த மூன்று கட்டுரைகளைத் தாமே தேர்ந்து, அவற்றில் தம் பங்கு என்ன என்று அரைப் பக்கம் எழுதித் தரட்டும். குழுவில் இருவராவது அவற்றை முழுதாகப் படியுங்கள். கல்லூரி முதல்வர் முன்மாதிரி கேட்டால், இதழின் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்துத் தனி ஆய்வாளரை எடைபோடக் கூடாது என்று 2012-இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான பிரகடனத்தைக் காட்டு. நோயியல் கட்டுரைகள் அனைத்தையும் எனக்கு அனுப்பிவிடு. வரி விடாமல் படித்துக் குறிப்பெழுதித் தருகிறேன். டேயின் நினைவாகக் கரண்ட் சயன்ஸ் என்ற அறிவியல் இதழ் 1990-இல் வெளியிட்ட சிறப்பிதழின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். குழுவினர் எல்லாருக்கும் கொடு. கூட்டம் என்றைக்கு என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
சிவா